குடியை விட்டவர் சனிக்கிழமை மாலையில் எங்கே போவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வன்னியில் மதுபானசாலைகள் பெருகிவருவது பற்றியும் அவற்றுக்கு உரிமம் வழங்கப்பட்ட விதம் பற்றியும் தங்கள் பத்திரிகையில் வாசகர்கள் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். நாடாளுமன்றம் வரை போன விடயம் அது. பாடசாலைக்கும் கோவிலுக்கும் அருகில் சாராயக் கடை வேண்டாம் என்று கேட்கும் எவருடனும் எனக்கு வாதமில்லை. அத்தகைய மனுக்களில் நானும் கையெழுத்திட்டிருக்கிறேன். ஆனால் ஏற்கெனவே குடிக்கு அடிமையாகி, அதை விட்டுவிட வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிற ஒருவர் அடுத்ததாக என்ன செய்யலாம் என்று சொல்லும் கடிதம் ஒன்றையாவது நான் இதுவரை வாசித்ததில்லை. அந்த ஒருவரைப் பற்றியும், தம்மைப் போன்றவர்களுடன் அவர் போய் அமரத்தக்க ஒரு கூட்டத்தைத் தேடிக் கண்டுபிடிப்பது பற்றியுமே இக்கடிதத்தில் எழுத விரும்புகிறேன்.

வைத்தியசாலைப் பக்கத்தில் வன்னி முன்னரைப் போல வெறுமையாக இல்லை. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழைத்து யாரும் பேசலாம். குடியை நிறுத்த விரும்புகிறவர் முதலில் போக வேண்டிய இடமும் வைத்தியசாலைதான். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகமாகக் குடித்து, காலையில் கை நடுங்கினால் மீண்டும் குடித்தே அந்த நடுக்கத்தை அடக்கி வந்த ஒருவர், வீட்டாரின் வற்புறுத்தலுக்காக ஒரே நாளில் நிறுத்தினால், 6 முதல் 48 மணித்தியாலங்களுக்குள் அவருக்கு வலிப்பு வரக்கூடும். இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், இல்லாதவை கண்ணுக்குத் தெரிந்து, ஆள் அடையாளமும் இடமும் தடுமாறி, உயிருக்கே ஆபத்தான நிலை ஏற்படக்கூடும். அதைப் பேய் பிடித்ததாக எண்ணித் தண்ணீர் ஓதிக் கொடுப்பவரிடம் கூட்டிச் சென்ற குடும்பங்கள் எங்கள் பகுதியில் உண்டு. வைத்தியசாலை விடுதியில் வைத்து, படிப்படியாகக் குறைக்கப்படும் மருந்தும் விற்றமின் பி1 உம் கொடுத்துக் கவனித்தால், அந்தச் சில நாட்களைப் பெரும்பாலும் பாதுகாப்பாகக் கடந்துவிடலாம். நான் கீழே எழுதப்போகும் எந்தக் கூட்டமும் இதற்கு மாற்றாகாது.

அதன் பின்னர் அவர் மாத்திரைப் பொதியும் கிளினிக் துண்டுமாக வீடு திரும்புகிறார். அடுத்த கிளினிக் திகதி இரண்டு வாரங்கள் கழித்தோ ஒரு மாதம் கழித்தோ வரும். அதற்கு முன்னரே சனிக்கிழமை வந்துவிடும். மேசன் வேலைக்கும் கூலி வேலைக்கும் போகிறவர்களில் பலருக்குச் சம்பளம் கைக்கு வரும் நாள் அது. கமக்காரர்களுக்குக் காலபோக அறுவடை முடிந்து நெல் விற்ற காசு புழங்கும் மாசியும் பங்குனியும் ஆபத்தான மாதங்கள். கடற்றொழிலாளருக்கு மீன்பாடு நன்றாக அமைந்த எந்த நாளும் அப்படிப்பட்ட நாள்தான். மாலைப் பொழுதைக் கழிப்பதற்கு வன்னிக் கிராமங்களில் வேறு இடங்களும் அதிகமில்லை. சனசமூக நிலையத்தில் பத்திரிகை வாசித்து முடிக்க அரை மணித்தியாலம் போதும். விளையாட்டுக் கழகம் இளைஞர்களுக்குரியது. பிறகு எஞ்சுவன சந்தியும் தவறணையும் வாய்க்கால் கரையில் கூட்டாளிமார் கூடும் மரநிழலுமே. குடியை விட்டவர் போத்தலோடு சேர்த்துத் தமக்கிருந்த கூட்டாளிமாரையும் ஒரே நாளில் இழக்கிறார். அவர்களிலும் பலர் 2009 இல் அவரோடு ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்கள், பிறகு மெனிக் பாம் முகாமில் ஒரே கூடாரத்தில் படுத்தவர்கள். அத்தகையவர்களை விட்டு விலகு என்று சொல்கிறவர், வேறு யாரோடு போய் இருப்பது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டவர். எங்கள் ஊர்களில் அறிவுரைக்குக் குறைவில்லை. இந்த இரண்டாம் பகுதியைச் சொல்லத்தான் ஆளில்லை.

1935 ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு விடை இதற்கு இன்று உலகின் பல நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயோர்க்கைச் சேர்ந்த பங்குத் தரகர் ஒருவர், பில் என்பது அவர் பெயர், சில மாதங்களாகக் குடிக்காமல் இருந்த நிலையில் தொழில் விடயமாக ஒகையோ மாநிலத்து அக்ரன் நகருக்குப் போனார். போன காரியம் தோற்றுப்போனது. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடத்திலிருந்து சிரிப்பொலி கேட்டது. உள்ளே போனால் முடிந்துவிடும் என்று உணர்ந்த அவர், அங்கே தொங்கிய தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து, முன்பின் அறியாத போதகர்களைத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசுவதற்கு இந்த ஊரில் குடியால் அவதிப்படும் வேறொருவர் இருக்கிறாரா என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பொப் என்ற சத்திரசிகிச்சை நிபுணர். அவர் 1935 யூன் 10 இல் கடைசியாகக் குடித்ததாகக் கொண்டு, அந்த நாளையே அல்கஹோலிக்ஸ் அனானிமஸ், அதாவது ஏ.ஏ. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்கிறார்கள். பில் அறிவுரை கேட்பதற்கு ஆள் தேடவில்லை, தம் கதையைச் சொல்வதற்கே ஆள் தேடினார் என்பது எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. எங்கள் ஊர்களில் குடிகாரரைச் சுற்றி அறிவுரை சொல்பவர்கள் எப்போதும் நிற்கிறார்கள். அவர் சொல்வதை, அதுவும் அதே வழியால் வந்த ஒருவர், அமர்ந்து கேட்பது அநேகமாக நடப்பதில்லை.

கூட்டம் நடக்கும் முறை மிகவும் எளிமையானது. ஒரு மணித்தியாலம், மிஞ்சினால் ஒன்றரை மணித்தியாலம். தலைவர் என்று ஒருவர் நிலையாக இல்லை. முறைவைத்து ஒருவர் நடத்துவார். விரும்பியவர் தம் அனுபவத்தைச் சொல்லலாம். மற்றவர்கள் இடைமறிப்பதோ மறுமொழி சொல்வதோ தீர்ப்புக் கூறுவதோ இல்லை. கட்டணம் கிடையாது, மண்டபத்துக்கும் தேநீருக்கும் ஆகும் சிறு செலவை உறுப்பினர்களே விருப்பம்போல் போட்டுச் சமாளிப்பார்கள், வெளியாரிடம் உதவி வாங்குவதில்லை என்பது அவர்களுடைய மரபு. சேர்வதற்குத் தேவையான ஒரே தகுதி குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். கேட்டதை வெளியில் கொண்டுபோவதில்லை, பார்த்தவரை வெளியில் காட்டிக்கொடுப்பதில்லை. சில கூட்டங்களுக்குக் குடும்பத்தாரும் அக்கறையுள்ளவர்களும் வரலாம். சில கூட்டங்கள் குடியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு மட்டும் உரியவை. முதன்முறை போகிறவர் இதைக் கேட்டறிந்துகொண்டு போவது நல்லது. மனைவியோ அண்ணனோ துணைக்கு வருவதாயின் முதல்வகைக் கூட்டமே பொருந்தும்.

இதனால் உண்மையில் பயன் உண்டா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்கத்தான் வேண்டும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2020 இல் வெளியிட்ட மீளாய்வு, 27 ஆய்வுகளையும் அவற்றில் பங்குபற்றிய 10,565 பேரையும் கணக்கிலெடுத்தது. முறையான வழிகாட்டலுடன் ஏ.ஏ. கூட்டங்களில் இணைக்கப்பட்டவர்கள், பிற உளச்சிகிச்சை முறைகளைப் பெற்றவர்களைவிட, தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் மேலான நிலையில் இருந்தார்கள் என்றும், குடியின் அளவு போன்ற ஏனைய அளவுகோல்களில் ஏறத்தாழச் சமமாகவே இருந்தார்கள் என்றும் அது கண்டது. எல்லோரையும் குணப்படுத்தும் என்று அந்த மீளாய்வு சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஆனால் செலவில்லாத ஒரு முறை, செலவுள்ள முறைகளுக்கு ஈடாகவோ மேலாகவோ நிற்கிறது என்றால், மருத்துவ உளவியலாளர்கள் குறைவாக உள்ள எங்கள் மாவட்டங்கள் அதைப் பற்றி யோசிக்காமல் இருப்பது எப்படி?

இனி, தேடுவது பற்றி. என் துணைவியாரின் தம்பி, அவருடைய அனுமதியுடனேயே இதை எழுதுகிறேன், வைத்தியசாலை விடுதியிலிருந்து வந்த சில நாட்களில் குடியிலிருந்து மீள்வோருக்கு ஒரு கூட்டம் நடக்கிறது என்று கேள்விப்பட்டு, இரண்டு பேருந்து மாறிப் போனார். வாசலில் பதாகை. உள்ளே மங்கல விளக்கு, விருந்தினர்கள், படக்காட்சி. கெட்டுப்போன ஈரலின் படம் திரையில் பெரிதாக வந்தது. வந்தவர்கள் பெயர், கிராமம், தேசிய அடையாள அட்டை இலக்கம், கையொப்பம் எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டியிருந்தது. முடிவில், அறிக்கைக்குத் தேவை என்று சொல்லி எல்லோரையும் நிறுத்தி நிழற்படம் எடுத்தார்கள்; சிற்றுண்டிப் பொதி கிடைத்தது. வீட்டுக்கு வந்து அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: “அத்தான், குடிச்சால் ஈரல் கெடும் எண்டு எனக்குத் தெரியாதே? பின்னேரம் ஆறு மணியில இருந்து பத்து மணி மட்டும் குடிக்காமல் என்னெண்டு இருக்கிறது எண்டு ஆராவது சொல்லுவினம் எண்டுதான் போனனான்.”

நடத்தியவர்களின் நல்லெண்ணத்தை நான் குறைகூறவில்லை. விழிப்புணர்வுக் கருத்தரங்கு வேறு, மீள்வோர் கூட்டம் வேறு என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை, போனவருக்கும் தெரிந்திருக்கவில்லை. போருக்குப் பின் வன்னியில் கூட்டம் என்றாலே வரவுப் பதிவேடும் நிழற்படமும் என்றாகிவிட்டது. கோழிக்குஞ்சு கொடுத்தாலும் கையொப்பம், கிணறு துப்புரவு செய்தாலும் நிழற்படம். உதவித் திட்டங்களுக்கு அந்தக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் போர் முடிந்தபின் தடுப்பில் வைக்கப்பட்டுப் புனர்வாழ்வு பெற்று வந்த ஒருவர், வேலையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சும் ஓர் அரசாங்க உத்தியோகத்தர், மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு தகப்பன் ஆகியோர், தம் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் ‘குடிநோயாளி’ என்ற தலைப்பின் கீழ் ஒரு தாளில் இருப்பதை ஒருபோதும் விரும்பமாட்டார்கள். அந்தப் பதிவேடு வாசலில் இருக்கும்வரை, உண்மையில் வரவேண்டியவர்களில் பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுவார்கள். ஆகையால், பொருத்தமான கூட்டத்தைத் தேடுகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் கருத்து: அங்கே என் பெயரை எழுத வேண்டுமா? எழுத வேண்டும் என்றால், அது வேறு எதற்காகவோ நடக்கும் கூட்டம்.

இரண்டாவது கேள்வி சமயம் பற்றியது. இதில் எங்கள் பக்கத்தில் நிறையத் தயக்கம் இருக்கிறது, அதற்கு நியாயமும் இருக்கிறது. குடியிலிருந்து மீட்கிறோம் என்று சொல்லி மதம் மாற்றுவதற்கு அழைக்கும் இடங்களும் உண்டு. அத்தகைய ஓர் இடத்தில் உண்மையாகவே குடியை விட்டவர்களையும் நான் அறிவேன். அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் ஏ.ஏ. முறையில் மீள்வதற்கு வழிகாட்டும் 12 படிகளில், மூன்றாம் படியிலும் பதினோராம் படியிலும் ‘நாங்கள் விளங்கிக்கொண்டவாறான கடவுள்’ என்றுதான் தொடக்கத்திலிருந்தே எழுதப்பட்டிருக்கிறது. வற்றாப்பளை அம்மனை நினைப்பவரும் மடு மாதாவை நினைப்பவரும் எந்தக் கடவுளையும் நினைக்காதவரும் ஒரே வாங்கில் இருக்கலாம். கூட்டம் தேவாலய மண்டபத்தில் நடக்கிறது என்பதால் மட்டும் அது மதக் கூட்டமாகிவிடாது. வாடகையில்லாத அறை அங்கேதான் கிடைத்திருக்கும். கடவுள் பேச்சே வேண்டாம் என்பவர்களுக்காக 1994 இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மார்ட் ரிக்கவரி போன்ற வேறு முறைகளும் இருக்கின்றன. குடிக்கத் தூண்டும் எண்ணத்தை இனங்கண்டு அதைக் கையாளும் பயிற்சியே அவற்றின் அடிப்படை. சமயம் மாறினால்தான் இடம் என்று ஒரு கூட்டம் சொன்னால், அங்கிருந்து எழுந்து வருவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

சமயத்தைப் பற்றிச் சொல்லும்போது சத்தியம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் பகுதியில் குடியை விடுவதற்கு மக்கள் முதலில் நாடும் வழி கோவிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் பண்ணுவதுதான். சிலருக்கு அது பலித்திருக்கிறது. பலருக்கு, சாகும்வரை தொடமாட்டேன் என்று சொன்ன சொல்லை மூன்றாம் மாதம் மீறிய பிறகு, அம்மன் கேட்பாள் என்ற பயமும் ஊர் சிரிக்கும் என்ற வெட்கமும் சேர்ந்து, முன்னரைவிடக் கூடுதலாகக் குடிக்க வைத்துவிடுகிறது. இந்தக் கூட்டங்களில் ஆயுள் முழுவதற்குமான சத்தியத்தை யாரும் கேட்பதில்லை. இன்று ஒரு நாள் மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பதே பேச்சு. நாளைக்கும் அதே பேச்சுத்தான். இடையில் தவறி மீண்டும் குடித்தவர் திரும்பி வந்தாலும் நாற்காலி இருக்கும். தவறியவரை அவமானப்படுத்தும், அல்லது இனி வராதே என்று சொல்லும் கூட்டம், எத்தனை ஒழுங்காக நடந்தாலும், மீள்வோருக்குப் பொருத்தமானதன்று. அதே வேளையில், குடிவெறியில் வந்து கூச்சலிடுபவரை அன்றைக்கு வெளியில் அமரச்சொல்லத் தெரிந்த ஒருவராவது அங்கே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மைத்துனர் பின்னர் கொழும்பில் சில காலம் வேலை செய்தபோது, சிங்களமும் ஆங்கிலமும் கலந்து நடந்த ஒரு கூட்டத்துக்குப் போனார். பாதிதான் விளங்கியது என்றார். ஆனால் அங்கே ஆட்கள் தங்கள் பழைய வெட்கக்கேடுகளைச் சொல்லிச் சிரித்ததைக் கண்டு ஆச்சரியப்பட்டுப்போனார். குடிக்காத ஆட்கள் கூடி அப்படிச் சிரிப்பதை அவர் அதுவரை கண்டதில்லையாம். மொழி விளங்காததால் அவரால் தம் கதையைச் சொல்ல முடியவில்லை, அதனால் நிலைக்கவும் முடியவில்லை. கூட்டத்தின் பொருத்தம் என்பது பெரும்பாலும் இத்தகைய சின்ன விடயங்களில்தான் தங்கியிருக்கிறது. பேச்சு எந்த மொழியில் நடக்கிறது, அங்கிருப்பவர்கள் என்ன வயதினர், கூட்டம் முடியும்போது ஊருக்குத் திரும்பப் பேருந்து இருக்குமா? மல்லாவியிலிருந்தும் துணுக்காயிலிருந்தும் கிளிநொச்சிக்குப் போகிறவருக்கு மாலை ஏழு மணிக்கு முடியும் கூட்டத்தால் என்ன பயன்? முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசு ஒரு கால் போத்தலின் விலையை மிஞ்சிவிட்டால், பழைய கணக்கு மனதில் எழுவது இயல்பு.

ஒரு கூட்டத்தை ஒரே தடவையில் அளந்துவிட வேண்டாம் என்பது இதில் பழகியவர்கள் அனைவரும் சொல்லும் அறிவுரை. முதல்நாள் எவருக்கும் அந்நியமாகத்தான் இருக்கும். சில தடவைகள் போய்ப் பார்த்து, அப்போதும் மனம் ஒட்டவில்லையென்றால் வேறொரு கூட்டத்தைத் தேடலாம். அது கூட்டத்தின் குற்றமுமில்லை, போனவரின் குற்றமுமில்லை. சிறிது நேரத்தோடு போய், நடத்துபவரிடம் புதிதாக வந்திருக்கிறேன் என்று சொன்னால் போதும். பேசக் கட்டாயமில்லை, தம் முறை வரும்போது இன்றைக்கு நான் கேட்கிறேன் என்று சொல்லிவிடலாம். தம்முடைய வயதையும் தொழிலையும் ஒத்த ஒருவர், தம்மைவிட நீண்ட காலம் குடிக்காமல் இருப்பவர், அங்கே இருக்கிறாரா என்று கவனிக்க வேண்டும். இருந்தால், அவருடைய தொலைபேசி இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்வது அன்றைய நாளின் பெரிய காரியம். சனிக்கிழமை மாலை சந்தியில் நிற்கும்போது அழைப்பதற்கு ஓர் இலக்கம் கைபேசியில் இருக்கும்.

எங்கள் கிராமங்களில் வேறொரு இடர்ப்பாடும் இருக்கிறது. யாருடைய சைக்கிள் எந்த வாசலில் நிற்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஆகவே சொந்தக் கிராமத்துப் பொதுநோக்கு மண்டபத்தில் கூட்டம் வைப்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பத்துப் பேர் வேறு பத்துக் காரணங்களுக்காக வந்துபோகும் ஓர் இடம் வேண்டும். வைத்தியசாலை வளவு, பொது நூலகத்தின் மேல்மாடி, கூட்டுறவுச் சங்கக் கட்டடம் போன்றவை நல்லவை. புதுக்குடியிருப்பில் இருப்பவர் முல்லைத்தீவுக்கும், ஒட்டுசுட்டானில் இருப்பவர் மாங்குளத்துக்கும் போனால் எதற்குப் போனார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். சந்தைக்குப் போனார், வங்கிக்குப் போனார்.

பெண்களைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. 1951 இல் பில்லின் மனைவி லோயிசும் வேறு சிலரும் சேர்ந்து, குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்று அல்-அனோன் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். கணவனைத் திருத்துவது எப்படி என்பது அங்கே பேச்சன்று. அவர் திருந்தினாலும் திருந்தாவிட்டாலும் தானும் பிள்ளைகளும் நிம்மதியாக வாழ்வது எப்படி என்பதே பேச்சு. போத்தலைத் தேடி ஒளித்து வைப்பது, கடனை அடைப்பது, வேலைத்தலத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்வது, பிறகு அதற்காகத் தன்னையே நொந்துகொள்வது, இவற்றையெல்லாம் ஒரு பெண் இன்னொரு பெண்ணிடம் தலைகுனியாமல் சொல்ல ஓர் இடம் வேண்டும். மாதர் சங்கக் கூட்டம் அதற்கு உதவாது. அங்கே கடன் கணக்கும் ஊர்க்கதையும் இருக்கும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போயிருக்கும் முற்பகல் நேரமே இவர்களுக்குப் பொருந்தும். குடிக்கும் பெண்களும் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். ஆண்கள் நிறைந்த கூட்டத்துக்கு அவர்கள் ஒருநாளும் வரமாட்டார்கள் என்பதால், அவர்களுக்குத் தனியாக ஓர் ஏற்பாடு செய்யும்வரை அவர்கள் இல்லை என்றே நாங்கள் சொல்லிக்கொண்டிருப்போம். வீட்டில் அடி, உதை நடக்கும் இடத்தில் கூட்டத்தை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரிடமோ பொலிசிடமோ உடனே போக வேண்டும்.

கிட்டிய இடத்தில் எதுவும் இல்லாதவர்களுக்கு இணையவழிக் கூட்டங்கள் இருக்கின்றன. 2020 இல் கொரோனா முடக்கத்தின்போது இவை உலகெங்கும் பெருகின. தமிழ்நாட்டிலிருந்து தமிழில் நடப்பவற்றில் இங்கிருந்தும் சேரலாம். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேர வித்தியாசம் இல்லை என்பது ஒரு வசதி. பேச்சு வழக்கு முதலில் சற்று வேறாகத் தோன்றினாலும், குடியின் கதை கடல் தாண்டியும் ஒன்றுபோலவே இருப்பதாக மைத்துனர் சொல்கிறார். அவர் இப்போது அப்படி ஒன்றில்தான் இருக்கிறார், காணொளியை அணைத்துவிட்டு, கிணற்றடியில் நின்று. ஓர் அறை வீட்டில் தனியாகப் பேச இடமில்லை, அங்கே சமிக்ஞையும் சரியாக வராது. முகம் பார்த்துப் பேசும் கூட்டத்துக்கு இது ஈடாகாது என்றாலும், அது வரும்வரை இதுவாவது இருக்கட்டும்.

அது வருவதற்கு அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. குடிக்காமல் இருப்பதற்காக இரண்டு மூன்று பேர் கூடினாலே, வேறு எந்த அமைப்பின் கிளையாகவும் இல்லாதவரை, அது ஒரு குழுதான் என்பது ஏ.ஏ. மரபிலேயே இருக்கிறது. அதைத் தொடங்கக்கூடியவர்கள் ஏற்கெனவே ஒரே விடுதியில் அடுத்தடுத்த கட்டில்களில் படுத்திருந்தவர்கள். அவர்களை ஒருவரோடொருவர் இணைத்துவிடுவதுதான் வைத்தியசாலையால் செய்யக்கூடியது. 1981 இல் வெளியான ஒரு சிறிய அமெரிக்க ஆய்வு இதற்குப் பொருத்தமானது. 20 பேரில் ஒரு பாதிக்குக் கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் சொல்லப்பட்டு, போகும்படி ஊக்கப்படுத்தப்பட்டது. மற்றப் பாதிக்கு, அந்தக் கூட்டத்துக்குப் போய்வரும் ஒருவர் அங்கேயே தொலைபேசியில் பேசி, தாமே வந்து கூட்டிச்செல்வதாகச் சொன்னார். முதற்பாதியில் எவரும் போகவில்லை; இரண்டாம் பாதியில் எல்லோரும் போனார்கள். எங்கள் உளநலப் பிரிவுகளில் பணிபுரிவோர், தம்மிடம் குணமடைந்து போனவர்களில் விரும்பிய சிலரின் தொலைபேசி இலக்கங்களை அவர்களது சம்மதத்தோடு வைத்திருந்து, நோயாளி வீட்டுக்குப் போகும் நாளில் ஓர் அழைப்பு எடுத்துக் கொடுத்தால் போதும். பிரதேச செயலகங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு என்று வைத்துக்கொள்வோம், பதிவேடில்லாமல் ஓர் அறையைத் திறந்துவிட்டு, அறிக்கை கேட்காமல் இருந்தால் போதும். தேத்தண்ணிச் செலவை வருகிறவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மரண அறிவித்தல்களுக்கும் விளம்பரங்களுக்கும் இடையில், வாரம் ஒருமுறை, வெள்ளிக்கிழமைப் பதிப்பில், உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி ஒதுக்குங்கள். வட மாகாணத்தில் குடியிலிருந்து மீள்வோருக்கான கூட்டங்கள் எந்த ஊரில், எந்த நேரத்தில், எந்த மொழியில் நடக்கின்றன, குடும்பத்தார் வரலாமா, பெண்களுக்குத் தனியாக உண்டா என்பவை மட்டும் அதில் இருக்கட்டும். நடத்துபவர்களின் பெயரோ நிழற்படமோ வேண்டாம். தொடக்கத்தில் அந்தப் பெட்டியில் இரண்டு வரிகள்கூட நிரம்பாமல் போகலாம். நிரம்பாவிட்டாலும் அந்த இடத்தை வேறு விளம்பரத்துக்குக் கொடுத்துவிடாமல் சில மாதங்கள் வைத்திருக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
மாங்குளம்.
(பெயரும் முகவரியும் ஆசிரியரின் பார்வைக்கு மட்டும் தனியாக அனுப்பப்பட்டுள்ளன.)